ஆம்பரா, சந்தனமா, இனிப்பா? கதகதப்பான வாசனைகளில் எதை எடுப்பது

மல்லிப்பந்தல் (#1)

தை மாதம் எனக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் முகூர்த்தம், இரண்டு நாள் கழித்துச் சென்னையில் ரிசப்ஷன். புடவை, நகை எல்லாம் அம்மாவும் அத்தையும் பார்த்துக்கொள்கிறார்கள். நானே தேர்ந்தெடுக்க ஆசைப்படுவது ஒரே ஒரு சென்ட் பாட்டில். பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் அந்த நாள் திரும்ப வர வேண்டும்.

எலுமிச்சை வாசமும் 'கடல் காற்று' வகைகளும் எனக்கு ஒத்துவரவில்லை. கதகதப்பாக, மென்மையாக, பக்கத்தில் வந்தால் மட்டும் தெரிகிற மாதிரி வேண்டும். கடையில் இதைச் சொன்னதும் ஆம்பர், ஓரியண்டல், வுடி, ஸ்பைசி, கூர்மாண்ட் என்று ஏழெட்டுக் காகிதச் சீட்டுகளை நீட்டினார்கள். நாலாவது சீட்டுக்குப் பிறகு எனக்கு எல்லாமே ஒன்றாகத்தான் தெரிந்தது. அப்புறம் வீட்டுக்கு வந்து 'ஆம்பர்' என்று பெயர் போட்ட ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மூன்று முறை அடித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். பக்கத்து சீட்டு அக்காவுக்கு மத்தியானத்துக்குள் தலைவலி. எனக்கே மூச்சு முட்டியது.

இந்தப் பெயர்களுக்கு நடுவில் உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் அதை மூக்கால் எப்படிப் பிடிப்பது?

தேராவாசி (#2)

வாழ்த்துகள் சகோதரி. நான் துபாய் தேராவில் ஒன்பது வருடம் பர்ஃப்யூம் கடையில் நின்றவன். முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடுகிறேன். ஓரியண்டலும் ஆம்பரும் ஒன்றுதான். மைக்கேல் எட்வர்ட்ஸ் என்பவர் வாசனைகளை ஒரு சக்கரமாகப் பிரித்து வைத்திருக்கிறார், உலகம் முழுக்கக் கடைக்காரர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். அதில் ஓரியண்டல் என்று இருந்த பகுதிக்கு 2021-இல் ஆம்பர் என்று பெயர் மாற்றினார். கீழை நாட்டையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுகிற பழைய சொல் அது, போனது நல்லதுதான். ஆனால் பழைய பாட்டில்களிலும் பல இணையதளங்களிலும் இன்னும் ஓரியண்டல் என்றே இருக்கும். இரண்டு குடும்பம் என்று நினைத்து அலையாதீர்கள்.

அந்தச் சக்கரத்தில் பூ வாசனைகளுக்கும் மர வாசனைகளுக்கும் நடுவில் ஆம்பர் உட்கார்ந்திருக்கும். பூப் பக்கம் சாய்ந்தால் ஃப்ளோரல் ஆம்பர், மரப் பக்கம் சாய்ந்தால் வுடி ஆம்பர். மல்லிகை வைத்துக்கொள்ளப் போகிற ஆளுக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம்.

பழைய_அத்தர் (#3)

அம்மா, சக்கரமெல்லாம் அப்புறம் பார்க்கலாம். உங்கள் மூக்குக்கு இந்தக் குடும்பங்களை ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் பாட்டி தணலில் சாம்பிராணி போட்டுக் கூந்தலுக்குக் காட்டுவார்களே, அந்த வாசம்தான் ஆம்பர் குடும்பத்தின் அடித்தளம். சாம்பிராணியைத்தான் பர்ஃப்யூம்காரர்கள் பென்சாயின் என்கிறார்கள். அரபு வியாபாரிகள் அதை 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாவின் குந்திரிக்கம் என்று அழைத்தார்கள். அந்தச் சொல்தான் ஐரோப்பியர் வாயில் உருண்டு பென்சாயின் ஆனது. சுமத்ராவிலும் லாவோஸிலும் மரத்தைக் கீறி எடுக்கிற பிசின். லாவோஸ் சரக்கில் வனிலா வாசம் தெளிவாகத் தெரியும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் கப் சாம்பிராணியை வைத்துப் பழகாதீர்கள். அதில் கரியும் மரத்தூளும்தான் அதிகம். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கேளுங்கள். கூடவே குந்திரிக்கம் கொஞ்சம், குங்கிலியம் கொஞ்சம் தனித்தனிப் பொட்டலமாக வாங்கி ஒவ்வொன்றாகத் தணலில் போட்டுப் பாருங்கள். மூன்றும் பிசின்தான், மூன்றும் புகைதான். ஆனால் சாம்பிராணி இனிக்கும். குந்திரிக்கம் எலுமிச்சைத் தோல் மாதிரி உலர்ந்து மேலே எழும், மாதா கோவில் திருப்பலியில் வருகிற வாசம் அது. பாட்டிலில் 'இன்சென்ஸ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்த உலர்ந்த பக்கம்தான். அது கதகதப்பு தராது. நீங்கள் தேடுவது சாம்பிராணிப் பக்கம் என்று தோன்றுகிறது.

மல்லிப்பந்தல் (#4)

பாய், இதைப் படித்ததும் அப்படியே பாட்டி வீட்டுக் கூடம் கண்ணில் வந்தது. நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். ஆம்பர் என்றால் திமிங்கலத்திலிருந்து வருவது இல்லையா? தூத்துக்குடிப் பக்கம் பிடிபட்டது என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே. என் பாட்டிலில் அதுவா இருக்கிறது?

சோதனைக்குழாய் (#5)

இல்லை. நான் வேதியியல் ஆசிரியை, பதினோராம் வகுப்பில் இந்தக் கேள்வி வருடா வருடம் வரும்.

செய்தியில் வருவது அம்பர்கிரிஸ், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் பொருள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். அரபியில் 'அன்பர்' என்பது முதலில் இதைத்தான் குறித்தது. பிறகு ஐரோப்பாவில் அதே சொல்லை, கடலோரம் ஒதுங்குகிற கல்லாகிப்போன மரப்பிசினுக்கும் வைத்துவிட்டார்கள். நகையில் பதிக்கும் மஞ்சள் கல் அது. உங்கள் பாட்டிலில் இரண்டுமே இருக்காது.

பர்ஃப்யூமில் ஆம்பர் என்பது ஒரு கலவையின் பெயர், ரசத்தை ரசம் என்று சொல்வதுபோல. அதில் தவறாமல் இருப்பவை மூன்று. லாப்டனம் என்ற பிசின், பாய் சொன்ன சாம்பிராணி, அப்புறம் வனிலா. லாப்டனம் மத்தியதரைக் கடல் ஓரத்தில் வளரும் ஒரு புதரில் ஊறுகிறது. வெயிலில் இலையெல்லாம் பிசுபிசுக்கும். அந்தப் புதரை மேயும் ஆடுகளின் தாடியில் ஒட்டும் பிசினைச் சேகரித்ததாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். தோலும் தேனும் காய்ந்த இலையும் கலந்த மாதிரி கனமான வாசம்.

மூன்றாவதான வனிலாதான் இந்தக் குடும்பத்தையே மாற்றியது. 1874-இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் வனிலினைச் செயற்கையாகச் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் வனிலா மணத்தைத் தாராளமாகப் போட முடிந்தது. கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கி 1889-இல் வந்தது, 1925-இல் ஷாலிமார். ஷாலிமார் என்பது நம் பக்கத்து லாகூர்த் தோட்டத்தின் பெயர், ஷாஜகான் கட்டியது. மேலே பெர்கமோட் பழத்தோலின் புளிப்பு, கீழே வனிலாவும் பிசினும். இன்றைக்கும் ஆம்பர் என்றால் என்னவென்று ஒருவருக்குக் காட்ட வேண்டுமானால் நான் அதைத்தான் நீட்டுவேன்.

நீங்கள் வாங்கியதில் மூச்சு முட்டியது என்றால் மேலே அந்தப் புளிப்பு இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டியில் என்னென்ன எழுதியிருக்கிறது?

மல்லிப்பந்தல் (#6)

டீச்சர், 'ஆம்பர், கேரமல், டோங்கா பீன், பிரலீன், வனிலா' என்று போட்டிருக்கிறது.

ஸ்கார்பரோக்குருவி (#7)

அக்கா, அது ஆம்பர் இல்லை, கூர்மாண்ட். தின்பண்ட வாசக் குடும்பம். பெயரில் ஆம்பர் என்று இருந்தாலும் உள்ளே பலகாரக் கடை.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், எனக்குக் கனக்கப் பிடித்த குடும்பம் இதுதான். அதனால் அதற்காகக் கொஞ்சம் கதைக்கிறேன். இது வயதில் இளைய குடும்பம். 1992-இல் தியரி முக்லர் நிறுவனத்துக்காக ஒலிவியே கிரெஸ்ப் செய்த ஏஞ்சல்தான் பெரிய தொடக்கம். அதில் எத்தில் மால்ட்டால் என்ற பொருளை அள்ளிப் போட்டார்கள். திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றும்போது வரும் வாசம் அச்சொட்டாக அதுதான். அதோடு விட்டிருந்தால் திகட்டியிருக்கும். கீழே பச்சௌலி இலையின் மண் வாசத்தைப் பலமாக வைத்தார்கள். இனிப்பும் மண்ணும் சண்டை பிடிக்கிறதுதான் அதன் அழகு. எனக்கு விளங்கின வரை, நல்ல கூர்மாண்ட் எல்லாவற்றிலும் இனிப்போடு மல்லுக்கட்ட ஒன்று இருக்கும்: பச்சௌலி, கோப்பி, உப்பு, புகை, இப்படி ஏதாவது. அது இல்லாததுதான் தலையிடி தருகிறது.

இங்கே மைனஸ் பதினைந்தில் பஸ்ஸுக்கு நிற்கிறபோது கம்பளிக் கழுத்துப்பட்டியிலிருந்து கேரமல் வாசம் மெல்ல வரும். குளிரில் அது ஒரு துணை. அதே போத்தலை ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் நின்றபோது எனக்கே தாங்க முடியவில்லை. போத்தலும் அதேதான், நானும் அதேதான். காற்று மட்டும்தான் வேறு.

இன்னொன்று. வெந்தயம் வறுத்து ஆறின பிறகு கையில் நிற்கும் வாசத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இங்கே மேப்பிள் பாகின் வாசமும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும்.

சோதனைக்குழாய் (#8)

இரண்டிலும் இருப்பது சோட்டலோன் என்ற ஒரே மூலக்கூறு, குருவி. மேப்பிள் சுவையூட்டி செய்ய வெந்தயச் சாறைத்தான் பயன்படுத்துகிறார்கள். நல்ல மூக்கு உங்களுக்கு.

வெட்டிவேர்த்தட்டி (#9)

மன்னிக்கவும், எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. மர வாசனைகளைக் கதகதப்பான குடும்பம் என்கிறீர்கள். மரம் என்றால் சந்தனம். சந்தனம் குளிர்ச்சி இல்லையா? சித்திரை வெயிலில் நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொள்வது எதற்கு? வெட்டிவேர் பானையில் போடுவது எதற்கு? வெள்ளைக்காரன் பிரித்த பிரிவை நாம் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்?

பழைய_அத்தர் (#10)

நல்ல கேள்வி தம்பி. நான் சின்ன வயதில் என் வாப்பாவிடம் கேட்ட கேள்வியும் இதுதான்.

சந்தனக் கட்டையை கல்லில் உரசிப் பூசும்போது குளிர்வது தண்ணீர் காய்வதால். அந்த விழுது காய்ந்த பிறகும் ஒரு மணி நேரம் வாசம் வருமே, அப்போது மூக்கை வைத்துப் பாருங்கள். காய்ச்சிய பால் மாதிரி, நெய் மாதிரி, வழவழவென்று இருக்கும். அத்தர்காரன் கதகதப்பு என்று சொல்வது அந்தப் பால்தன்மையை. தைலமாக வாங்கி மணிக்கட்டில் தொட்டால் இது இன்னும் தெளிவாகத் தெரியும், அதில் தண்ணீர் கிடையாது.

ஆனால் நீங்கள் கேட்டதில் பாதி சரி. எல்லா மரமும் கதகதப்பு இல்லை. தேவதாரு பென்சில் சீவின மாதிரி உலர்ந்தது. வெட்டிவேர் ஈர மண்ணும் புல்லும், அது சந்தேகமில்லாமல் குளிர்ந்த பக்கம். உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊர்க்காரர்கள் பருவத்தை வைத்தே பிரித்துவிடுவார்கள். வெட்டிவேரும் ரோஜாவும் முதல் மழை மண்ணிலிருந்து வடிக்கும் மிட்டி அத்தரும் கோடைக்கு. ஊது என்கிற அகில் தைலமும், ஹினா, ஷமாமா என்ற அத்தர்களும் குளிர்காலத்துக்கு. ஷமாமா என்பது ஏகப்பட்ட மசாலாவும் மூலிகையும் சேர்த்து வடிப்பது, அதில் நம் செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசிகூட உண்டு. ஆக, இந்தச் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு நம் ஊரிலும் பழையதுதான்.

சந்தனத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். கன்னோஜில் பூவை வடிக்கும்போது அந்த ஆவியை இறக்கி வைத்த பாத்திரத்தில் சந்தனத் தைலம்தான் இருக்கும். எந்தப் பூ வாசத்தையும் அது தாங்கிப் பிடித்துக்கொள்ளும், தான் முன்னே வராது. இன்று தைலத்தின் விலையால் பலர் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெயில் இறக்குகிறார்கள். வாசம் ஒரு மணி நேரத்தில் கைவிட்டுவிடும். அசல் சந்தனத்தில் இறக்கிய மல்லிகை அத்தரை நான் ஒருமுறை சட்டைக் கைமடிப்பில் தொட்டேன், இரண்டு சலவை தாண்டியும் இருந்தது.

சோதனைக்குழாய் (#11)

புதினாவில் இருக்கும் மெந்தால் உண்மையிலேயே குளிரை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. சந்தனத்தில் இருக்கும் சாண்டலால் அப்படி எதுவும் செய்வதில்லை. வாசனையில் சூடு, குளிர் என்பது பெரும்பாலும் நாம் பழகிய நினைவுகளிலிருந்து வருவது. அதனால் உங்களுக்குச் சந்தனம் குளிர்ச்சி என்று பட்டால் உங்களைப் பொறுத்தவரை அது சரிதான்.

இன்னொரு சேதி: வெட்டிவேர் என்ற தமிழ்ச் சொல்தான் உலகம் முழுக்க 'வெட்டிவர்' என்று பாட்டிலில் ஏறியிருக்கிறது. பச்சௌலி என்ற பெயருக்கும் அகராதிகள் தமிழைத்தான் காட்டுகின்றன.

தேராவாசி (#12)

மரம் என்றதும் ஊதைச் சொல்லாமல் விட முடியாது. நாம் அகில் என்று சொல்வதுதான். மரத்தில் பூஞ்சை பிடித்தால் தன்னைக் காத்துக்கொள்ள மரம் பிசின் சுரக்கும், அந்தக் கறுத்த கட்டைதான் ஊது. அசாமில் ஹோஜாய் என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

எங்கள் கடைக்கு வருகிற நம் ஊர் ஆட்கள் "ஊது வேண்டும்" என்று கேட்பார்கள். அசல் தைலத்தைத் தொட்டுக் காட்டினால் முகம் சுளித்துவிடுவார்கள். மாட்டுக்கொட்டில் மாதிரி, புளித்த மாதிரி ஒரு முதல் வாசம் அதில் உண்டு. பத்து நிமிடம் பொறுத்தால்தான் தேனும் மரமும் வரும். மேல்நாட்டு பாட்டில்களில் 'ஊது' என்று இருப்பது பெரும்பாலும் செயற்கைக் கலவை, அந்த முதல் வாசத்தைக் கழித்துவிட்டுச் செய்தது. அதில் தப்பில்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்து வாங்க வேண்டும். அசலை எடுப்பதானால் கால் தோலா, அதாவது 3 மில்லி, அதற்கு மேல் முதல் முறை வாங்காதீர்கள்.

சூட்டுக்கு ஒத்துவராது என்று குருவி சொன்னதை நான் முழுசாக ஏற்கமாட்டேன். இங்கே 45 டிகிரியில் ஊதும் ஆம்பரும் தினமும் போடுகிறார்கள். துணிக்கு பகூர் என்கிற வாசனைக் கட்டைப் புகை, காதுக்குப் பின்னால் ஒரு தொடு தைலம், மேலே ஸ்ப்ரே. அழகாகத்தான் இருக்கிறது.

ஸ்கார்பரோக்குருவி (#13)

அண்ணா, உங்கள் ஊர் வறண்ட சூடு, வீடும் காரும் கடையும் ஏசி. புழுக்கத்தில் வேர்த்துக்கொண்டு நிற்கிறவளின் கதை வேறு. நான் சொன்னது இனிப்பைப் பற்றி. பிசினுக்கும் மரத்துக்கும் அது அவ்வளவு பொருந்தாது, அதை ஒத்துக்கொள்கிறேன்.

தேராவாசி (#14)

துபாயிலும் ஆகஸ்டில் புழுக்கம் உண்டு. ஆனால் ஏசி விஷயம் நியாயம். அதோடு இங்கே ஊதும் பிசினும்தான் முன்னால் நிற்கும், கேரமல் இல்லை. சரி, இனிப்பு வேர்வைக்கு ஆகாது, பிசினும் மரமும் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம்.

வார்டு_இரவுப்பணி (#15)

நான் நர்ஸ். வேலைக்குப் பர்ஃப்யூமே போடமாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: மேலே யாரும் அளவைப் பற்றிப் பேசவில்லை. கதகதப்பான குடும்பங்களின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். போட்ட நமக்கு அரை மணியில் மூக்கு பழகிவிடும், வாசமே போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் அடிப்போம். பக்கத்தில் இருப்பவருக்கு அது இன்னும் முழுசாக அடித்துக்கொண்டிருக்கும். சில கனமான கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருட்கள் சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது, அடுத்தவருக்குத் தெரியும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா இருப்பவர்கள் கல்யாணக் கூட்டத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். மணப்பெண்ணிடம் வந்து கட்டிப்பிடிக்காமல் யாரும் போகமாட்டார்கள். இரண்டு முறை, அதற்கு மேல் வேண்டாம். மறுபடி அடிப்பதற்கு முன் பக்கத்தில் இருக்கும் யாரையாவது கேளுங்கள்.

மல்லிப்பந்தல் (#16)

இது என் ஆபீஸ் அக்காவுக்கு நான் செய்த தப்பு. திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

மசாலா வகையைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். கடையில் அந்தச் சீட்டு எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பிரியாணி வாசம் வந்துவிடுமோ என்று பயம்.

பழைய_அத்தர் (#17)

வராது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் இவை சூடான மசாலா. ஏலக்காய், இஞ்சி இவை குளிர்ந்த மசாலா. வாசனைக்காரர்கள் அப்படித்தான் பிரிப்பார்கள், ஏலக்காயை முகர்ந்து பார்த்தால் கற்பூரம் மாதிரி ஒரு சிலிர்ப்பு தெரியும். நம் அப்பாக்கள் சவரம் செய்துவிட்டுத் தட்டிக்கொண்ட ஓல்ட் ஸ்பைஸ், 1930களிலிருந்து வருகிறது, அது இந்தச் சூடான மசாலாதான். பெண்களுக்கென்று வந்ததில் இவ் சான் லோரானின் ஓபியம், 1977. கிராம்பும் பிசினும் சேர்ந்து கனமாக இருக்கும். மசாலா தனிக் குடும்பமாக நிற்பதைவிட ஆம்பர் மேலேயோ மரத்தின் மேலேயோ தாளிதமாக வருவதுதான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: பட்டைத் தைலத்தையோ கிராம்புத் தைலத்தையோ நேராகத் தோலில் போடாதீர்கள். எரிச்சல் கொடுத்துத் தடித்துவிடும்.

சோதனைக்குழாய் (#18)

மல்லி, இப்போது கடைக்குப் போகும் முறை. காலையில், மூக்கடைப்பு இல்லாத நாளில், எந்த வாசமும் போடாமல் போங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். சீட்டில் முகர்வது வேண்டாதவற்றைக் கழிக்க மட்டும். பிடித்த இரண்டைக் கைக்கொன்றாகப் போட்டுக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கதகதப்பான வாசனைகளில் முதல் பதினைந்து நிமிடம் நீங்கள் முகர்வது மேலே தெளித்த புளிப்பையும் மசாலாவையும்தான். நீங்கள் காசு கொடுப்பது இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தோலில் மிஞ்சுவதற்கு. சாப்பிட்டுவிட்டு, வெயிலில் நடந்துவிட்டு, அப்புறம் முகருங்கள். அன்றைக்கே வாங்காதீர்கள்.

நடுவில் காபிக்கொட்டை டப்பாவை நீட்டுவார்கள். அதனால் பெரிய பயன் இல்லை. உங்கள் முழங்கை மடிப்பை முகர்ந்தால் போதும், அது மூக்குக்குப் பழகிய வாசம்.

முகரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு மணி நேரம் கழித்து அடியில் நிற்பது எது? சாம்பிராணியா, சந்தனமா, பஞ்சு மிட்டாயா? பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் குடும்பம் அதுதான்.

தேராவாசி (#19)

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். முகூர்த்தத்தையும் ரிசப்ஷனையும் ஒரே பாட்டிலால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். முகூர்த்த மேடையில் ஹோமப் புகை, நெய், கற்பூரம், ரோஜா மாலை, தலையில் மல்லிகை எல்லாம் இருக்கும். அங்கே இன்னொரு பெரிய வாசத்தைக் கொண்டுபோனால் சண்டைதான். எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்காருகிற ஒன்று போதும். ரிசப்ஷன் ஏசி மண்டபம், ராத்திரி, அங்கே உங்கள் ஆம்பர் பேசட்டும்.

வெட்டிவேர்த்தட்டி (#20)

அடியில் உட்காருகிறது என்றால் சந்தனம். இதில் பாயோடு எனக்குச் சண்டை இல்லை.

மல்லிப்பந்தல் (#21)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் மூன்று பொட்டலம். வீட்டில் தணல் போட்டு ஒவ்வொன்றாக முகர்ந்தோம். குங்கிலியம் எனக்குக் காரமாக இருந்தது. குந்திரிக்கம் அழகு, ஆனால் தள்ளி நிற்கிற அழகு. சாம்பிராணியில் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்கே என் குடும்பம் எது என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் கடைக்கு மூன்று சனிக்கிழமை. முதல் சனி, ஒரு கையில் ஷாலிமார், மறு கையில் ஒரு கூர்மாண்ட். கடையில் கூர்மாண்ட்தான் ஜெயித்தது, உண்மையைச் சொல்கிறேன். பஸ்ஸில் வீட்டுக்கு வருவதற்குள் திகட்டிவிட்டது. ஷாலிமார் முதலில் கொஞ்சம் பழைய காலத்துப் பவுடர் டப்பா மாதிரி இருந்தது, தோல் செருப்பு மாதிரியும் ஏதோ வந்தது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது கையிலிருந்து வந்த வாசத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் சனி, செர்ஜ் லூதெனின் ஆம்பர் சுல்தான் போட்டுப் பார்த்தேன். லாப்டனம் என்றால் என்னவென்று அப்போதுதான் புரிந்தது, டீச்சர் சொன்ன காய்ந்த இலை அப்படியே. மரியாதையான வாசம், ஆனால் எனக்குக் கொஞ்சம் கறார். தீப்தீக்கின் தாம் டாவ் இன்னொரு கையில், சந்தனமும் தேவதாருவும். அது வெட்டிவேர்த்தட்டி அண்ணனுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. மூன்றாம் சனி, மறுபடியும் ஷாலிமார் மட்டும்.

பாட்டியிடம் கையை நீட்டினேன். "தலைக்குக் குளிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

ரிசப்ஷனுக்கு ஷாலிமாரையே எடுத்துவிட்டேன், ஈடிபி (ஓ த பர்ஃபம்) வகை, சின்ன பாட்டில். முகூர்த்தத்துக்குச் சந்தன அத்தர், 3 மில்லி. இப்போது இரண்டு சந்தேகம் மிச்சம். பட்டுப் புடவையில் அடிக்கலாமா? வனிலா உள்ள பாட்டில் நாளாக நாளாகக் கறுத்துப்போகும் என்று கடையில் சொன்னார்கள், கெட்டுப்போனதா அது?

சோதனைக்குழாய் (#22)

பட்டில் வேண்டவே வேண்டாம். பிசினும் வனிலினும் கறை விடும், போகாது. குளித்துத் துடைத்ததும் தோலில் போட்டு, காய்ந்த பிறகு புடவை கட்டுங்கள். கறுப்பது வனிலின் காற்றோடும் வெளிச்சத்தோடும் பழகுவதால். நிறம் மாறினாலே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, முகர்ந்து பார்த்துப் புளிப்போ உலோக வாடையோ அடித்தால்தான் கவலை. பெட்டியோடு பீரோவில் வையுங்கள், குளியலறையில் வேண்டாம்.

ஸ்கார்பரோக்குருவி (#23)

அக்கா, அந்தக் கூர்மாண்ட் போத்தலை எறிந்துவிடாதீர்கள். மார்கழியில் ஊட்டிப் பக்கம் போனால் கம்பளிச் சால்வையில் ஒருமுறை அடித்துப் பாருங்கள்.

பழைய_அத்தர் (#24)

அம்மா, அத்தர் போடும் விதம்: கண்ணாடிக் குச்சியில் ஒரு தொடு எடுத்து உள்ளங்கையில் வைத்து, மறு உள்ளங்கையை மெதுவாக ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு காதுக்குப் பின்னால் ஒன்று, தொண்டைக்குழியில் ஒன்று. பூ வைக்கும் முன்னே போட்டுவிடுங்கள். தை மாதப் பனியில் விடியற்காலை அது எழுந்து வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஹோமத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து உடம்பு சூடாகும்போது தானாக வரும். பொறுத்திருங்கள், மேலே மேலே போடாதீர்கள்.